டூரை ஒருமுறைகூட வெல்லாத மார்க் கேவண்டிஷை ஏன் எடி மெர்க்ஸுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள்?

இப்படிக் கேட்டவருக்கு இரண்டு சந்தேகம். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் 15 முறை கலந்துகொண்டும் ஒருமுறைகூடப் பட்டம் வாங்காத பிரிட்டிஷ் வீரர் கேவண்டிஷ், ஐந்து முறை பட்டம் வாங்கிய பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸை எப்படி முந்தினார் என்பது ஒன்று. நாள் முழுக்க அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்து கடைசி 200 மீட்டரில் தாவுவது என்ன பெரிய சாமர்த்தியம் என்பது இன்னொன்று.

முதலாவதை உடனே முடித்துவிடலாம். கேவண்டிஷ் மெர்க்ஸை விடப் பெரிய வீரர் என்று விவரம் தெரிந்த யாரும் சொல்வதில்லை. டூர் என்பது மூன்று வாரத்தில் 21 நாள் ஓடும் பந்தயம். தினமும் ஒரு ஸ்டேஜ். அன்றன்றைக்கு முடிவுக் கோட்டை முதலில் தொட்டவருக்கு அந்த ஸ்டேஜ் சொந்தம். அதுவரையான எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்துக் குறைவாக வைத்திருப்பவருக்கு மஞ்சள் சட்டை; கடைசி நாள் அது யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் பட்டம். மெர்க்ஸ் 1969 முதல் 1975 வரை ஆறு டூர்களில் 34 ஸ்டேஜ்களை வென்றார். மலையில் வென்றார், தனியாக ஓட்டும் டைம் டிரையலில் வென்றார், கோட்டுக்கு முன்னால் முழு வேகத்தில் பாயும் ஸ்பிரின்டிலும் வென்றார். கேவண்டிஷ் 2008 முதல் 2024 வரை 35 வென்றார். 35-ம் ஒரே மாதிரி, சமவெளியில் கூட்டமாக வந்து முடிக்கும் நாட்களில். ஸ்டேஜ் வெற்றி என்ற ஒரே ஒரு பட்டியலில் மட்டும்தான் இந்தப் பெயர் அந்தப் பெயருக்கு மேலே நிற்கிறது. அவ்வளவுதான் அந்தச் சாதனை. ஆனால் அந்த 34 ஏறக்குறைய ஐம்பது வருடம் யாராலும் தொடப்படாமல் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சந்தேகம்தான் சுவாரசியமானது. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒளிந்துதான் வருகிறார்கள். ஒளிந்து வருவதற்குத்தான் ஓர் அணியே வேலை செய்கிறது.

லாரிக்குப் பின்னால் சைக்கிளை ஒட்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது விளக்கம் இல்லாமலே புரியும் (செய்யாதீர்கள், ஒரு பிரேக்கில் கதை முடிந்துவிடும்). சமதளத்தில் வேகமாகப் போகும் சைக்கிள்காரனுக்கு முக்கிய எதிரி காற்று. வேகம் கூடக் கூட அந்த எதிர்ப்பு பல மடங்காகப் பெருகும். முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் ஒட்டி வருபவருக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும், சில சமயம் அதற்கு மேலும். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் யாருமே தனியாக வெகுநேரம் முன்னால் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் ஸ்பிரின்ட் வீரரின் அணி கடைசி சில கிலோமீட்டரில் ஒரு ரயில் மாதிரி வரிசை கட்டும். முதலாமவர் தன்னிடம் இருக்கிற மொத்தத்தையும் சில நூறு மீட்டரில் செலவழித்துவிட்டு ஓரம் போவார். அடுத்தவர் எடுத்துக்கொள்வார். கடைசிக்கு முந்தைய ஆள் ஸ்பிரின்டரைக் கோட்டுக்குச் சுமார் 200 மீட்டர் முன்னால் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு விநாடி.

அந்தக் கடைசிக்கு முந்தைய ஆள், கேவண்டிஷின் நல்ல காலத்தில், ஆஸ்திரேலியாவின் மார்க் ரென்ஷா. கேவண்டிஷின் அப்போதைய அணியான எச்டிசியின் ரயில் 2009-ல் எப்படி இருந்தது என்பதற்குப் பாரிஸில் நடந்த கடைசி ஸ்டேஜே போதும். ஷான்ஸ் எலிசேயில் கேவண்டிஷ் முதலில் வந்தார். அவரை இறக்கிவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டிய ரென்ஷா இரண்டாவது வந்தார். மற்ற அணிகளின் ஸ்பிரின்டர்கள் வழிகாட்டியைக்கூடப் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் அதே ரென்ஷா, இடித்துக்கொண்டு வந்த இன்னொரு வீரரைத் தலையால் முட்டித் தள்ளியதற்காகப் பந்தயத்தை விட்டே அனுப்பப்பட்டார். அந்த வேலை அப்படிப்பட்டது. முதலாளிக்கு வழி விடுவதற்காகத் தலையைக் கொடுக்கும் வேலை.

அப்படியென்றால் அந்த ரயிலில் யாரை உட்கார வைத்தாலும் ஜெயித்திருப்பார்களா? இல்லை. கேவண்டிஷ் ஆய்வகத்தில் அசத்தியவரும் இல்லை. பிரிட்டிஷ் சைக்கிளிங் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த நாட்களில் அவருடைய சோதனை எண்கள் சாதாரணமாகவே இருந்தன. அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். மார்செல் கிட்டல், ஆந்த்ரே கிரைபல் போன்ற ஆஜானுபாகுவான ஜெர்மானியர்கள் மிதியில் கொடுத்த பலத்தை இவர் கொடுத்ததில்லை. உயரம் 175 சென்டிமீட்டர். ஆனால் முழு வேகத்தில் எழுந்து மிதிக்கும்போது மூக்கு முன்சக்கரத்துக்கு மேல் வந்துவிடும் அளவுக்குக் குனிந்துவிடுவார். காற்றுக்குக் கொடுக்கும் உடம்பு சிறிசு. கூட்டத்தில் இடைவெளி திறக்கும் முன்பே அது எங்கே திறக்கும் என்று தெரிந்துவைத்திருப்பார். ஒரு ஊரின் கடைசிச் சில கிலோமீட்டர், எந்த வளைவு, எந்த ரவுண்டானா, எங்கே சாலை குறுகுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஷாட்டோரூ என்று பிரான்சின் நடுவில் ஒரு ஊர். 2008-ல் அவருடைய முதல் டூர் ஸ்டேஜ் வெற்றி அங்கே. 2011-ல் அங்கேயே இன்னொன்று. பத்து வருடம் கழித்து 2021-ல் மூன்றாவது. அந்த மூன்றாவதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இப்போது யாரும் அதிகம் பேசாத பகுதிக்கு வருவோம். என் கணக்கில் கேவண்டிஷின் தொழிலே இங்கேதான் இருக்கிறது: மலை.

ஸ்பிரின்டருக்கு ஒரு டூரில் ஜெயிக்க வாய்ப்புள்ள நாட்கள் ஐந்தாறு, அதிகம் போனால் எட்டு. மீதி நாட்களில் அவருக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் ஓட்டித்தான் ஆக வேண்டும். அதுவும் கெடுவுக்குள். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் கால வரம்பு உண்டு. அன்று ஜெயித்தவர் எடுத்துக்கொண்ட நேரத்தின் மேல் இத்தனை சதவீதம் என்று கணக்கு. சாலையின் கடினத்தையும் ஜெயித்தவரின் சராசரி வேகத்தையும் பொறுத்து அந்தச் சதவீதம் மாறும். உதாரணத்துக்கு, முதல் ஆள் ஐந்து மணி நேரத்தில் முடித்து வரம்பு 12 சதவீதமாக இருந்தால், 36 நிமிடத்துக்குள் வந்து சேராதவர் மறுநாள் கிளம்ப முடியாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு.

இதற்காக மலையில் பின்தங்கும் கனத்த ஆட்கள் எல்லாம் அணி வித்தியாசம் பார்க்காமல் ஒரு கூட்டமாகச் சேர்வார்கள். பிரெஞ்சில் அதற்குப் பெயரே பஸ். அந்த பஸ்ஸுக்கு அனுபவசாலி ஒருவர் டிரைவர் மாதிரி. ஏற்றத்தில் எவ்வளவு நேரம் இழக்கலாம், இறக்கத்தில் எவ்வளவு மீட்கலாம் என்று கணக்குப் போட்டு வேகத்தை வைப்பவர் அவர்தான். கேவண்டிஷோடு பல வருடம் ஒரே அணியில் இருந்த ஆஸ்திரியாவின் பெர்ன்ஹார்ட் ஐசல் இந்தக் கணக்கில் கெட்டிக்காரர். கேவண்டிஷின் வெற்றிப் பட்டியலில் ஐசலின் பெயர் எங்கும் இருக்காது. இருந்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் கூட்டம் அதிகமாக இருந்தால் நடுவர்கள் எல்லாரையும் வெளியே அனுப்பமாட்டார்கள்; பாதிப் பந்தயமே காலியாகிவிடும் அல்லவா. 2011-ல் காலிபியே மலையில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் தாமதமாக வந்தார்கள். கேவண்டிஷும் அதில் ஒருவர். தங்கவிட்டார்கள், ஆனால் பச்சைச் சட்டைக்கான (ஸ்டேஜ்களில் முன்னால் வந்து அதிகப் புள்ளி சேர்ப்பவருக்கு அது) புள்ளியில் 20-ஐக் கழித்தார்கள். மறுநாள் ஆல்ப் துயெஸில் மறுபடியும் தாமதம், மறுபடியும் 20. நாற்பது புள்ளியைப் பறிகொடுத்தும் பாரிஸில் ஜெயித்துப் பச்சைச் சட்டையை அவர்தான் போட்டார். ஸ்பிரின்டருக்கு அந்தப் பச்சைச் சட்டைதான் பட்டம். அதே ஆண்டு செப்டம்பரில் கோபன்ஹேகனில் உலக சாம்பியன். 1965-ல் டாம் சிம்ப்சனுக்குப் பிறகு அதை வென்ற முதல் பிரிட்டிஷ் ஆண். அன்றும் விக்கின்ஸ், ஃப்ரூம், தாமஸ், மில்லர் என்று சக பிரிட்டிஷ் வீரர்கள் ஏழு பேர் 260 கிலோமீட்டருக்குப் பெருங்கூட்டத்தைத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் வேறு எதையும் முயலவே இல்லை. அந்த ஓர் ஆளைக் கோட்டருகே கொண்டுபோய் விடுவது மட்டுமே திட்டம்.

ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், இளவயதில் சுலபமான ஆள் இல்லை. ஐல் ஆஃப் மேன் தீவில் டக்ளஸ் என்ற ஊரில் 1985-ல் பிறந்தவர். பள்ளி முடித்ததும் ஒரு வங்கியில் வேலை பார்த்துக் காசு சேர்த்துக்கொண்டு சைக்கிளுக்கு வந்தார். 2007-ல் டி-மொபைல் அணியில் தொழில்முறை வீரரானார். அந்த வருட இறுதியிலேயே ஊக்கமருந்து விவகாரங்களால் அந்த நிறுவனம் விலகிவிட, அணி பெயர் மாறிமாறிக் கடைசியில் எச்டிசி ஆனது. தோற்றால் அழுவார், ஜெயித்தால் திட்டுவார். 2010-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு ஸ்டேஜை வென்று, விமர்சகர்களுக்கு இரண்டு விரலைக் காட்டினார் (பிரிட்டனில் அது கெட்ட சைகை). சொந்த அணியே அவரை அந்தப் பந்தயத்திலிருந்து விலக்கியது. ஆனால் ஒரு பழக்கம் கடைசிவரை மாறவில்லை: கோட்டைத் தாண்டியதும் திரும்பிப் போய், தனக்காக உழைத்த ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் கேமரா பக்கம் வருவார்.

இந்தத் தொழிலில் வெற்றிப் பணம் என்பதும் கொஞ்சம் வேடிக்கையானது. டூரில் ஒரு ஸ்டேஜ் வென்றால் பரிசு 11,000 யூரோ. அதையும் வழக்கமாக அணிக்குள் பங்கு போட்டுவிடுவார்கள். உண்மையான வருமானம் ஒப்பந்தச் சம்பளம்தான். ஒப்பந்தம் ஒன்றிரண்டு வருடத்துக்கு. விளம்பரதாரர் கை விட்டால் அணியே காணாமல் போகும். எச்டிசி, அந்தக் காலத்தில் வேறெந்த அணியை விடவும் அதிகம் ஜெயித்துக்கொண்டிருந்தபோதே, 2011 இறுதியில் விளம்பரதாரர் கிடைக்காமல் மூடப்பட்டது. இதைச் சொன்னால் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் ஆட்கள் நம்பமாட்டார்கள்.

அடுத்து 2012-ல் ஸ்கை அணி. அங்கே விக்கின்ஸ் மஞ்சள் சட்டைக்குப் போட்டியிட்டார். உலக சாம்பியனின் வானவில் சட்டையைப் போட்டுக்கொண்டு கேவண்டிஷ் மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்தார். கடைசி நாள் பாரிஸில், மஞ்சள் சட்டையோடு விக்கின்ஸே முன்னால் வந்து அவருக்காகக் காற்றைக் கிழித்தார். ஷான்ஸ் எலிசேயில் தொடர்ந்து நான்காவது வருட வெற்றி அது. ஆறு நாள் கழித்து லண்டன் ஒலிம்பிக் சாலைப் பந்தயம். நாடே அவரிடம் தங்கத்தை எதிர்பார்த்தது. கிடைக்கவில்லை. ஜெயித்தவர் கஜகஸ்தானின் அலெக்சாண்டர் வினோகுரோவ், ஒரு காலத்தில் ஊக்கமருந்துக்காகத் தடை வாங்கியவர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

அதன்பின் வேகமாகச் சொல்கிறேன். 2014 டூர் இங்கிலாந்தில் கிளம்பியது. அம்மா ஊரான ஹாரோகேட்டில் முதல் நாளே இடித்து விழுந்து தோள்பட்டை விலகி வெளியேறினார், தவறு தன்மேல்தான் என்று ஒப்புக்கொண்டார். 2016 நல்ல வருடம்: நான்கு ஸ்டேஜ், வாழ்க்கையில் முதல்முறையாக மஞ்சள் சட்டை, ரியோ ஒலிம்பிக்கில் ஆம்னியம் என்ற டிராக் சைக்கிள் போட்டியில் வெள்ளி. மொத்தம் 30. வயது 31. மெர்க்ஸ் இன்னும் நாலே வெற்றி தள்ளி.

அந்த நாலுக்கு ஐந்து வருடம் ஆனது. 2017-ல் உடம்பைச் சோர வைக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ். அதோடு போய் டூரில் வித்தெல் என்ற ஊரில் தடுப்பில் மோதி தோள்பட்டை எலும்பு முறிந்தது. 2018-ல் லா ரோசியே மலை ஸ்டேஜ், வெறும் 108.5 கிலோமீட்டர். தூரம் குறைந்தால் கெடுவும் இறுகும். பஸ்காரர்களுக்கு இதுதான் எமன். அன்று ஜெயித்தவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்னால், தனியாக, எப்போதோ வெளியேற்றப்பட்டுவிட்டோம் என்று தெரிந்தே ஓட்டிவந்து கோட்டைத் தொட்டார். அந்த ஆகஸ்டில் மருத்துவர்கள் மன அழுத்த நோய் என்று கண்டறிந்தார்கள். வெளியே சொன்னது பின்னாளில். 2020 அக்டோபரில் ஒரு பெல்ஜியப் பந்தயம் முடிந்து, இதுவே கடைசியாக இருக்கலாம் என்று கேமரா முன் அழுதார். இரண்டரை வருடத்துக்கு மேலாக ஒரு வெற்றி இல்லை. கையில் அடுத்த வருட ஒப்பந்தமும் இல்லை.

பழைய அணியான குயிக்-ஸ்டெப், விளம்பரதாரர் ஒருவரை அவரே பிடித்துக்கொண்டு வந்தபின், குறைந்தபட்ச ஊதியத்தில் சேர்த்துக்கொண்டது என்பது அப்போது வந்த செய்தி. 2021 டூருக்கு அவரை எடுக்கும் யோசனையே இல்லை. அணியின் முதல் ஸ்பிரின்டர் சாம் பென்னட்டுக்கு முழங்கால் கோளாறு. கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் இவரைக் கூப்பிட்டார்கள். நான்காவது நாள் ஃபூஜேரில் ஜெயித்தார். இரண்டு நாள் கழித்து ஷாட்டோரூ, அந்த மூன்றாவது முறை. பிறகு வலான்ஸ். பிறகு கார்க்காசோன். மொத்தம் 34. மெர்க்ஸுக்குச் சமம். பாரிஸில் பச்சைச் சட்டை.

இங்கே செய்தித்தாள்கள் விட்டுவிட்ட ஒன்று. ஷாட்டோரூவுக்கும் வலான்ஸுக்கும் நடுவில் டீன் மலை ஸ்டேஜ் இருந்தது, மழை, குளிர். வேறு ஸ்பிரின்டர்கள் சிலர், அர்னோ தெமார் உட்பட, கெடுவைத் தவறவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கேவண்டிஷைச் சுற்றி அணியினர் நின்று இழுத்துவந்ததால் சொற்ப நேர வித்தியாசத்தில் தப்பினார். வலான்ஸில் ஜெயித்தது அந்த மலையில் தப்பியதால். கார்க்காசோனில் அவருக்குப் பின்னால் இரண்டாவது வந்தவர் யார் தெரியுமா? அவரை இறக்கிவிட்ட டென்மார்க்கின் மைக்கேல் மோர்கோவ். 2009-ல் ரென்ஷா வந்த அதே இடம்.

அடுத்த வருடம் அணி அவரை டூருக்கு அழைத்துப்போகவில்லை. 2023-ல் அஸ்தானா அணி எடுத்துக்கொண்டது. அதன் தலைவர், நினைவில் வைக்கச் சொன்னேனே, வினோகுரோவ். அந்த மே மாதம் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜீரோ டி இத்தாலியாவின் நடுவே, இந்த வருடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அறிவித்தார். கடைசி நாள் ரோமில் ஒரு காட்சி. கெரைன்ட் தாமஸ் முந்தின நாள்தான் டைம் டிரையலில் முதலிடத்தை இழந்திருந்தார்; மொத்தப் பந்தயத்தையும் 14 விநாடியில் கோட்டைவிட்டவர். எதிரணி ஆள். அவர் கடைசிக் கிலோமீட்டர்களில் முன்னால் வந்து, பழைய நண்பனுக்காகக் கொஞ்ச தூரம் காற்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். கேவண்டிஷ் ஜெயித்தார். சைக்கிள் பந்தயத்தில் அணி விசுவாசத்துக்கு அடியில் இப்படி இன்னொரு கணக்கும் ஓடுகிறது. ஒரு காலத்தில் யார் யாருக்குத் தன் பின்சக்கரத்தில் இடம் கொடுத்தார்கள் என்பதை அவர்கள் மறப்பதில்லை.

அந்த ஜூலையில் போர்தோவில் 35 கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. கடைசி மீட்டர்களில் சங்கிலி சரியாகப் பிடிக்காமல் துள்ள, பெல்ஜிய ஸ்பிரின்டர் ஜாஸ்பர் பிலிப்சன் தாண்டிப் போனார். மறுநாள் விழுந்து காறை எலும்பு முறிவு. ஓய்வு முடிவை ஒரு வருடம் தள்ளிவைத்தார். 2024-க்கு வினோகுரோவ் கிட்டத்தட்ட மொத்த அணியையும் இந்த ஒரு வெற்றிக்காகவே கட்டினார்: மோர்கோவை வரவழைத்தார், ஓய்வு பெற்றிருந்த ரென்ஷாவை அணியின் காரில் உட்கார வைத்தார்.

முதல் நாள், ஃப்ளாரன்ஸிலிருந்து ரிமினி. கடும் வெயில், மலைப்பாதை. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கேவண்டிஷ் பின்தங்கினார். சைக்கிளில் இருந்தபடியே வாந்தி. இந்திய நேரம் இரவு ஒன்பது மணி சுமாருக்குத்தான் ஸ்டேஜ்கள் முடியும். அன்று நான் ஜெயித்தவரைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து பேர் அவரைச் சுற்றி நின்று, தங்கள் பந்தயத்தையே கைவிட்டு, கெடுவுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாலு நாள் கழித்து ஜூலை 3, சான்-வுல்பா. ஒரு நொடி பிலிப்சனின் பக்கம், அடுத்த நொடி சாலையின் மறுபக்கம், திறந்த வெளி. 35. வயது 39. அந்த 35-வது வெற்றி ரிமினியில் கிடைத்தது என்றுதான் நான் சொல்வேன்.

ஆகவே "கடைசி 200 மீட்டர்" என்பது தவறில்லை, அது தொலைக்காட்சியில் தெரியும் பகுதி. ஸ்பிரின்டரின் தொழில் என்பது ஒரு பக்கம் அடுத்தவர் உழைப்பைக் கடன் வாங்குவது, இன்னொரு பக்கம் வெளியேற்றப்படாமல் இருப்பது. மெர்க்ஸ் ஆறு டூரில் செய்ததற்கு இவருக்குப் பதினைந்து தேவைப்பட்டதைக் குறையாகச் சொல்வார்கள். சொல்லட்டும், கணக்கு சரிதான். ஆனால் ஸ்பிரின்டருக்கு வேகம் சீக்கிரம் தேய்ந்துபோகும். 23 வயதில் ஜெயித்தவர் 39 வயதிலும் அதே பந்தயத்தில், அதே மாதிரி ஸ்டேஜில், பதினான்கு வயது இளையவர்களை வைத்துக்கொண்டு ஜெயித்ததற்கு வேறு உதாரணம் என்னால் சொல்ல முடியாது.

2024-ல் பாரிஸில் ஒலிம்பிக் வேலை நடந்துகொண்டிருந்ததால், டூர் வரலாற்றில் முதல்முறையாகப் பாரிஸ் பகுதிக்கு வெளியே முடிந்தது. நான்கு வருடம் தொடர்ந்து வென்ற ஷான்ஸ் எலிசே அவருக்குக் கடைசி டூரில் கிடைக்கவில்லை. முந்தின நாள் கடைசி மலையை அணியினரோடு கெடுவுக்குள் தாண்டியாகிவிட்டது. மொனாக்கோவிலிருந்து நீஸ் வரை 33.7 கிலோமீட்டர் டைம் டிரையல் மட்டும் பாக்கி. ஒருவர் பின் ஒருவராகக் கிளப்பிவிடுவார்கள். முன்னால் ரென்ஷா இல்லை, மோர்கோவ் இல்லை, ஒளிந்துகொள்ள யார் முதுகும் இல்லை. அந்தக் காற்று முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டு போனார்.